உலகைக் கொள்ளும் வடிவம்: மாலரின் சிம்பொனிகளில் பொருள் எங்கே இருக்கிறது?

சொல் இல்லாத இசை எதையாவது சொல்கிறதா, சொன்னால் எப்படிச் சொல்கிறது என்ற கேள்விக்கு ஐரோப்பாவில் 200 ஆண்டுகளுக்கும் மேலாக விடைகள் எழுதப்பட்டு வருகின்றன. அந்த விடைகளில் பெரும்பாலானவை குஸ்தாவ் மாலரிடம் வந்து சோதனைக்கு உள்ளாகின்றன. 1860இல் பொஹீமியாவின் ஒரு சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்த மாலர், 1897 முதல் 1907 வரை வியன்னா அரசவை ஓபராவின் இயக்குநராக இருந்தார். 1911இல் மறைந்தார். ஓபரா வேலைக்கு இடையே கோடை விடுமுறைகளில்தான் பெரும்பாலும் எழுத நேரம் வாய்த்தது. அப்படியும் ஒன்பது சிம்பொனிகளை முடித்தார். பத்தாவதை வரைவாக விட்டுச் சென்றார். குரல்களுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் சேர்த்து எழுதிய 'பூமியின் பாடல்' என்ற படைப்பையும் அவர் சிம்பொனி என்றே கருதினார்.

1907இல் ஹெல்சிங்கியில் ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸை அவர் சந்தித்தார். சிம்பொனியில் தன்னை ஈர்ப்பது அதன் கண்டிப்பும், கருக்களை உள்ளூரப் பிணைக்கும் தர்க்கமும் என்றார் சிபேலியஸ். மாலர் இதை மறுத்து, சிம்பொனி உலகைப் போல இருக்க வேண்டும், எல்லாவற்றையும் தன்னுள் கொள்ள வேண்டும் என்று சொன்னதாக சிபேலியஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இந்தப் பதிலிலிருந்து இரண்டு கேள்விகள் கிளைக்கின்றன. எல்லாவற்றையும் கொள்வதற்காக மாலர் சிம்பொனி வடிவத்தை எப்படி விரித்தார்? அப்படி விரிந்த இசை எதைப் பொருளாகத் தருகிறது? ஆய்வாளர்கள் பலர் இவற்றைத் தனித்தனியே எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே கேள்வியாகப் பார்க்கும்போதுதான் தெளிவு கிடைக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. முதலில், இதுவரை சொல்லப்பட்ட விடைகளை அவை பிறந்த சூழலோடும் அவற்றின் குறைகளோடும் பார்க்கலாம்.

கேள்வி பிறந்த சூழல்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹைடனும் மொஸார்ட்டும் நிலைநிறுத்திய சிம்பொனி பெரும்பாலும் நான்கு பகுதிகள் கொண்டது. ஏறத்தாழ அரைமணி நேரத்தில் முடிவது. முதல் பகுதிக்கு அடித்தளம் சொனாட்டா வடிவம். வெவ்வேறு ஆதார ஸ்வரங்களில் கருக்கள் முன்வைக்கப்படும். பிறகு அவை உடைந்து, கலந்து, பல ஸ்வரங்களில் அலையும். கடைசியில் தொடங்கிய ஆதார ஸ்வரத்துக்கே திரும்பி இணங்கும். கேட்பவர்களுக்கு இந்த ஒழுங்கு பழகியிருந்தது. எதிர்பார்ப்பு இருந்ததால்தான் வியப்புக்கும் ஏமாற்றத்துக்கும் இடம் உண்டானது.

பீத்தோவன் இந்த ஒழுங்கை இரண்டு வழிகளில் அசைத்தார். 1808இல் அரங்கேறிய ஆறாம் சிம்பொனியின் பகுதிகளுக்கு நாட்டுப்புற வாழ்வு சார்ந்த தலைப்புகளை இட்டார். 1824இல் ஒன்பதாம் சிம்பொனியின் இறுதியில் மனிதக் குரலைக் கொண்டுவந்தார். அடுத்த தலைமுறை இந்த இடத்தில் பிளவுபட்டது. பெர்லியோஸ் 1830இல் தம் 'ஃபண்டாஸ்டிக் சிம்பொனி'க்கு ஒரு காதல் கதையை அச்சிட்டு அவையினருக்கு வழங்கினார். லிஸ்ட், ஒரே பகுதியில் ஒரு கருத்தையோ கவிதையையோ பின்தொடரும் 'சிம்பொனிக் கவிதை'யை உருவாக்கினார். பீத்தோவனின் ஒன்பதாவதோடு சிம்பொனியின் காலம் முடிந்தது, இனி இசை நாடகமே வழி என்றார் வாக்னர். எதிர்த்தரப்பின் குரலாக எழுந்தவர் வியன்னா விமர்சகர் ஹான்ஸ்லிக். இசையின் உள்ளடக்கம் ஒலிகளின் இயங்கும் வடிவங்களே, உணர்ச்சியும் கதையும் கேட்பவர் கொண்டுவருபவை என்று 1854இல் வெளியான நூலில் அவர் வாதிட்டார். பிராம்ஸின் முதல் சிம்பொனி 1876இல் வந்தபோது இந்தத் தரப்பு அதைத் தன் சான்றாக ஏற்றது.

மாலர் வியன்னா இசைக் கல்லூரியில் படித்தது 1875 முதல் 1878 வரை, பூசல் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில். ப்ரூக்னரின் மூன்றாம் சிம்பொனியை நான்கு கைகளால் பியானோவில் வாசிப்பதற்கேற்ப அவர் இன்னொருவருடன் சேர்ந்து மாற்றி எழுதியது 1880இல் வெளிவந்தது. இரு தரப்பின் வாதங்களும் அவருக்கு அத்துபடி. அவர் எழுதிய இசையோ எந்தத் தரப்புக்கும் முழுதாக அடங்கவில்லை.

விரிவு எத்தகையது?

மாலர் சிம்பொனியை நீட்டினார் என்று மட்டும் சொன்னால் போதாது. விரிவு குறைந்தது நான்கு திசைகளில் நடக்கிறது.

முதலாவது, கால அளவு. மூன்றாம் சிம்பொனியில் ஆறு பகுதிகள். முழுவதையும் வாசிக்க ஏறத்தாழ 100 நிமிடங்கள் ஆகும். அதன் முதல் பகுதி ஒன்றே பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி முழுவதற்கும் ஏறக்குறைய சமம். இரண்டாவது, குரல். இரண்டு, மூன்று, நான்கு, எட்டு ஆகிய சிம்பொனிகளில் பாடகர்கள் வருகிறார்கள். எட்டாவதில் ஒரு பழைய லத்தீன் துதிப்பாடலும் கெதேயின் 'ஃபாஸ்ட்' நாடகத்தின் கடைசிக் காட்சியும் அடுத்தடுத்து நிற்கின்றன. 1910 செப்டம்பர் 12 அன்று மியூனிக்கில் நடந்த அதன் அரங்கேற்றத்தில் 1000 பேருக்கு மேல் பங்கேற்றனர்.

மூன்றாவது, மூலப்பொருள். ராணுவ அணிவகுப்பு இசை, கிராமத்து லெண்ட்லர் நடனம், தெருவோர பேண்டு, தபால் வண்டிக் கொம்பு, மேய்ச்சல் மாடுகளின் கழுத்துமணி என, அதுவரை சிம்பொனிக்குள் அரிதாகவே நுழைந்த ஒலிகள் அவரிடம் சரளமாகப் புழங்குகின்றன. நான்காவது, ஆதார ஸ்வரத்தின் பயணம். இரண்டாம் சிம்பொனி சி மைனரில் தொடங்கி ஈ ஃப்ளாட் மேஜரில் முடிகிறது. நான்காவது ஜி மேஜரிலிருந்து ஈ மேஜருக்கும், ஐந்தாவது சி ஷார்ப் மைனரிலிருந்து டி மேஜருக்கும், ஒன்பதாவது டி மேஜரிலிருந்து டி ஃப்ளாட் மேஜருக்கும் போய்ச் சேர்கின்றன. புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவதே முழுமை என்ற பழைய உடன்பாடு இங்கே தளர்கிறது. இப்போக்குக்கு 'முன்னேறும் சுருதி மையம்' என்ற பொருளில் அமெரிக்க ஆய்வாளர் டிகா நியூலின் 1947இல் ஒரு பெயர் சூட்டினார்.

இந்த நான்கில் எதை முதன்மையாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே பொருள் பற்றிய விடையும் மாறுகிறது.

முதல் விடை: ஆசிரியர் தந்த கதை

மிகப் பழைய விடை, மாலர் தாமே எழுதிய கதைக்குறிப்புகளைச் சாவியாகக் கொள்வது. முதல் சிம்பொனி 1889 நவம்பர் 20 அன்று புடாபெஸ்ட்டில், இரண்டு பாகங்கள் கொண்ட 'சிம்பொனிக் கவிதை' என்ற பெயரில் ஐந்து பகுதிகளோடு அரங்கேறியது. 1893இல் ஹாம்பர்கில் அதற்கு 'டைட்டன்' என்ற தலைப்பும் விரிவான விளக்கமும் சேர்ந்தன. 1896இல் பெர்லினில் வாசிக்கப்பட்டபோது தலைப்பு இல்லை, விளக்கம் இல்லை, ஐந்து பகுதிகளில் ஒன்றும் இல்லை. நான்கு பகுதிகள் கொண்ட டி மேஜர் சிம்பொனியாக அது நின்றது.

மூன்றாம் சிம்பொனிக்கும் இதே கதிதான். கோடைக்காலம் அணிவகுத்து வருவதில் தொடங்கி, பூக்கள், விலங்குகள், மனிதன், தேவதைகள் வழியே அன்பு சொல்லும் செய்தி வரை ஏறிச் செல்லும் தலைப்புகளை 1895, 1896 கோடைகளில் எழுதும்போது வைத்திருந்தார். 1902இல் அரங்கேற்றத்துக்கு முன்பே அவற்றை நீக்கிவிட்டார். இரண்டாம் சிம்பொனிக்கு 1896இலும் 1901இலும் அவர் தந்த விளக்கங்கள் மூன்று வடிவங்களில் கிடைக்கின்றன. அவை ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துவதில்லை.

இந்த விடைக்கு வலுச்சேர்த்தவர் ஹாம்பர்க் ஆய்வாளர் கான்ஸ்டன்டின் ஃப்ளோரோஸ். மாலர் கதைக்குறிப்புகளை மக்கள் பார்வையிலிருந்து எடுத்தாரே தவிர மனத்திலிருந்து எடுக்கவில்லை என்பது 1977 முதல் வெளிவந்த அவருடைய நூல்வரிசையின் வாதம். மணியோசை, கோரல் எனப்படும் தேவாலயப் பாட்டு நடை, இறுதி ஊர்வல இசை போன்றவை மாலரிடம் நிலையான குறிகளாக இயங்குகின்றன என்று அவர் விரிவாகக் காட்டினார். மாலரின் இசைக்குள் பொதுமக்கள் அறிந்த ஓர் அகராதி இருப்பதை நிறுவியது இந்த ஆய்வின் பெரும் பங்களிப்பு.

குறையும் உண்டு. ஒரு குறி எதைச் சுட்டுகிறது என்று தெரிந்தாலும், அது அந்த இடத்தில் என்ன ஆகிறது என்று தெரிவதில்லை. முதல் சிம்பொனியின் மூன்றாம் பகுதி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. டிம்பனி மெல்ல இரண்டே ஸ்வரங்களை மாறி மாறித் தட்டுகிறது. அதன்மேல் ஒரே ஒரு டபுள் பேஸ், ஒலி அடக்கப்பட்டு, ஐரோப்பியக் குழந்தைகள் எல்லோரும் பாடும் 'ஃப்ரேர் ஜாக்' மெட்டை மைனரில் வாசிக்கிறது. பஸூன், செல்லோ, ட்யூபா என்று ஒவ்வொன்றாக அதே மெட்டைப் பின்தொடர்கின்றன. ஒரு ஓபோ துள்ளலான எதிர்மெட்டைச் செருகுகிறது. சற்று நேரத்தில் ஓபோக்களும் ட்ரம்பெட்டுகளும் ஊர்த் திருமண பேண்டு போல இழைய, பெரிய டிரம்மையும் சிம்பலையும் ஒருவரே சேர்த்து அடிக்கிறார். அந்த இடத்தில் 'பகடியோடு' என்று வாசிப்பவர்களுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார் மாலர். பிறகு எல்லாம் அடங்கி, அவருடைய 'வழிப்போக்கனின் பாடல்கள்' தொகுதியின் கடைசிப் பாடலிலிருந்து, லிண்டன் மரத்தடியில் இளைப்பாறும் இடத்தின் மெட்டு ஜி மேஜரில் மலர்கிறது. மீண்டும் ஊர்வலம் வரும்போது அது ஈ ஃப்ளாட் மைனருக்கு நகர்ந்துவிட்டிருக்கிறது.

வேடனின் பிணத்தை விலங்குகள் சுமந்து செல்லும் ஒரு பழைய சித்திரத்தை இதற்கு விளக்கமாக மாலர் ஒருமுறை சொன்னார். அந்தச் சித்திரம் ஊர்வலத்தை விளக்கும். மரத்தடி ஓய்வு ஏன் ஊர்வலத்துக்கு நடுவே வருகிறது, அது கலைந்தபின் ஊர்வலம் ஏன் வேறொரு ஸ்வரத்தில் தொடர வேண்டியிருக்கிறது என்பதை விளக்காது. இதற்கு விடை இசையின் வரிசைமுறையில்தான் இருக்கிறது.

இரண்டாம் விடை: வாழ்க்கையே பொருள்

பொதுவாசகரிடம் மிகப் பரவலான விடை இது. இதன் முதன்மை ஊற்று மாலரின் மனைவி ஆல்மா 1940இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகள். ஆறாம் சிம்பொனியின் முதல் பகுதியில் வரும் உயர்ந்தெழும் மெட்டு தம்மையே குறிப்பது என்றும், அதன் இறுதிப் பகுதியில் விழும் சுத்தியல் அடிகள் நாயகன்மேல் விழும் விதியின் அடிகள் என்றும் அவர் எழுதினார். 1907இல் மாலருக்கு அடுத்தடுத்து நேர்ந்தவற்றை, அதாவது மூத்த மகளின் மரணம், இதயக் கோளாறு இருப்பது தெரியவந்தது, ஓபராப் பதவியிலிருந்து விலகியது ஆகியவற்றை, அந்த அடிகளோடு பொருத்திப் பார்ப்பது அதன்பின் வழக்கமாயிற்று.

இதன் முதல் பலவீனம் காலவரிசை. ஆறாம் சிம்பொனி எழுதப்பட்டது 1903, 1904 கோடைகளில். அப்போது அந்தத் துயரங்கள் எதுவும் நிகழவில்லை. இசை எதிர்காலத்தை முன்னறிந்தது என்று சொல்வதால் விளக்கம் கிடைத்துவிடுவதில்லை. ஒன்பதாம் சிம்பொனியிலும் இதே சிக்கல். அது 1912 ஜூன் 26 அன்று, மாலர் இறந்து ஓராண்டுக்குப் பின், புரூனோ வால்டர் நடத்த வியன்னாவில் அரங்கேறியது. மறைந்தவரின் இசையாகவே உலகம் அதை முதலில் கேட்டதால், அது விடைபெறும் சிம்பொனி என்ற பெயர் நிலைத்தது. எழுதிய 1909இலோ மாலர் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கின் பொறுப்பை ஏற்று முழுவீச்சில் உழைக்கத் தொடங்கியிருந்தார். அடுத்த கோடையில் பத்தாம் சிம்பொனிக்கான வரைவில் மூழ்கினார்.

வாழ்க்கை வரலாற்று விடையை முற்றாகத் தள்ளவும் முடியாது. ஆன்ரி-லூயி த லா கிராஞ்ச், டொனால்ட் மிட்செல் போன்றோர் ஆவணங்களை வைத்து எழுதிய பெருநூல்கள் படைப்புகளின் காலத்தையும் திருத்தங்களின் வரிசையையும் தெளிவாக்கின. ஒரு படைப்பு எங்கிருந்து வந்தது என்பதை வாழ்க்கை சொல்லக்கூடும். அது கேட்பவரிடம் எப்படிப் பொருளாகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படுகிறது.

மூன்றாம் விடை: வடிவத்துக்கு வெளியே பொருள் இல்லை

ஹான்ஸ்லிக்கின் வழிவந்த தரப்பு மாலரை நெடுங்காலம் சந்தேகத்தோடு பார்த்தது. பொருந்தாத மெட்டுகளை ஒட்டவைத்தவர், வடிவ உணர்வு இல்லாதவர் என்ற குற்றச்சாட்டு அவர் காலத்திலேயே இருந்தது. அதற்கு மறுமொழியாகவே மாலரின் வடிவக் கட்டுக்கோப்பை நிறுவும் ஆய்வுகள் வளர்ந்தன. ஆறாம் சிம்பொனி இதற்கு இசைவான களம். நான்கு பகுதிகள், ஏ மைனரில் தொடங்கி ஏ மைனரிலேயே முடியும் பயணம், முதல் பகுதியில் ஹைடன் காலத்து வழக்கப்படி முன்வைப்பை முழுதாக மீண்டும் வாசிக்கச் சொல்லும் குறி என எல்லாம் மரபுக்கு நெருக்கமானவை. அந்தச் சிம்பொனியின் திறனாய்வுப் பதிப்பை 1963இல் கொண்டுவந்த எர்வின் ராட்ஸ், இசையமைப்பாளர் ஷோன்பெர்கிடம் வடிவப் பகுப்பாய்வு பயின்றவர்.

இந்தத் தரப்பின் கொடை பெரிது. மாலரின் பெரும்பரப்பு தற்செயலானது இல்லை என்பதும், தொலைதூரத்தில் உள்ள இடங்கள் ஒரே கருவின் திரிபுகளால் இணைக்கப்பட்டவை என்பதும் இன்று யாரும் மறுக்காத செய்திகள். ஆனால் கருக்களின் உறவை மட்டும் பட்டியலிட்டால் மாட்டுமணி ஏன் மாட்டுமணியாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. அந்த ஒலிக்கு இசைக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருக்கிறது. அதை அறியாதவர்போல ஆய்வு செய்வது, மாலர் வேண்டுமென்றே உள்ளே அழைத்துவந்ததை வாசலிலேயே நிறுத்துவதாகும்.

நான்காம் விடை: சமூகத்தின் குரல்

இசைக்கு வெளியே உள்ள அந்த வாழ்க்கையைக் கணக்கில் எடுத்தவர்கள் சமூக நோக்கினர். ஜெர்மன் இசை விமர்சகர் பவுல் பெக்கர் 1918இல், சிம்பொனியின் பெருமை சமூகத்தை உருவாக்கும் அதன் ஆற்றலில் உள்ளது என்று எழுதினார். சிதறிய கேட்பவர்களை ஓர் அவையாக ஆக்குவதற்குத்தான் மாலர் சிம்பொனியின் எடையை முதல் பகுதியிலிருந்து இறுதிப் பகுதிக்கு மாற்றினார் என்பது அவர் கருத்து. இரண்டாவதும் எட்டாவதும் இதற்கு ஒத்துவருகின்றன. அமைதியில் கரையும் ஒன்பதாவது அவ்வளவு எளிதாக ஒத்துவருவதில்லை.

ஜெர்மன் தத்துவவாதி அடோர்னோ 1960இல் வெளியிட்ட சிறுநூல் இந்த விவாதத்தின் திருப்புமுனை. மாலரின் இசையை நாடகத்தோடு ஒப்பிடும் வழக்கத்தை விட்டு, அவர் அதை நாவலோடு ஒப்பிட்டார். முன்கூட்டியே வகுத்த வார்ப்பில் கருக்களை ஊற்றாமல், கதாபாத்திரங்கள்போல அவற்றை வாழவிட்டு, அவற்றின் வளர்ச்சியிலிருந்து வடிவம் எழும்படி மாலர் செய்தார் என்பது அவரது முதன்மையான கருத்து. இதற்கு அவர் தந்த மூன்று கருவிகள் இன்றும் பயன்படுகின்றன: இசையின் ஓட்டத்தை வெளியிலிருந்து பிளந்து வரும் 'உடைத்தெழுதல்', ஓட்டம் நின்று காலம் தொங்கும் 'இடைநிறுத்தம்', தொடக்கத்திலிருந்து வளர்ந்த தேவை நிறைவுறும் 'நிறைவேற்றம்'. முதல் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் டி மேஜர் திடீரென வெடிக்கும் இடம் முதலாவதற்குச் சான்று. அந்த ஒலி வானத்திலிருந்து விழுந்ததுபோல இருக்க வேண்டும் என்று மாலரே தம் தோழி நதாலி பவர்-லெஹ்னரிடம் சொல்லியிருந்தார்.

மரியாதைக்குரிய இசைக்கும் தெருவின் இசைக்கும் இடையே சமூகம் போட்ட வேலியை மாலர் மதிக்கவில்லை என்பதில் அடோர்னோ ஒரு விமர்சனத்தைக் கேட்டார். எட்டாம் சிம்பொனியின் வெற்றிக் களிப்பையும் ஏழாவதன் இறுதிப் பகுதியையும் அவர் நம்பவில்லை. உடன்பாட்டைப் பேசும் இசையைவிட உடைசலைக் காட்டும் இசையே உண்மையானது என்ற அவரது முன்முடிவு இங்கே தெரிகிறது. எட்டாவதை நேசிக்கும் கேட்பவரிடம் இந்த அளவுகோலுக்குப் போதிய நியாயம் சொல்லப்படவில்லை.

சமூக நோக்குக்கு ஓர் இருண்ட முன்வரலாறும் உண்டு. யூதர்களால் பிறர் மொழியைப் போலி செய்யத்தான் முடியும் என்று 1850இல் வாக்னர் எழுதிய வெறுப்புரையின் தொடர்ச்சியாக, மாலரின் இசை ஜெர்மன் மொழியை யூத உச்சரிப்பில் பேசுகிறது என்று 1909இல் விமர்சகர் ருடால்ஃப் லூயிஸ் பழித்தார். நாஜி ஆட்சி அவருடைய இசையை மேடைகளிலிருந்து அகற்றியது. 1960களில் நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் அதே யூதத் தன்மையைப் பெருமிதத்தோடு முன்னிறுத்தி, 20ஆம் நூற்றாண்டின் பேரழிவுகளை முன்னுணர்ந்தவர் என்று மாலரைக் கொண்டாடினார். ஒரே இசைக்கூறுக்குப் பழியும் புகழும் மாறி மாறிக் கிடைத்திருக்கின்றன. முதல் சிம்பொனியின் பேண்டு இசை யூத இசையா, பொஹீமியத் தெரு இசையா என்பதை இசைக்குறிப்பை மட்டும் வைத்து உறுதிசெய்வது கடினம்.

ஐந்தாம் விடை: இசை கதை சொல்லும் விதம்

1980களிலிருந்து அமெரிக்க ஆய்வாளர்கள் இலக்கியக் கோட்பாட்டின் துணையோடு கேள்வியை மாற்றிக் கேட்டார்கள்: எந்தக் கதை என்பதை விட்டுவிட்டு, கதையின் இயக்கம் இசையில் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். ஒன்பதாம் சிம்பொனியில் பழகிய கதை மாதிரிகள் எப்படி இயங்குகின்றன என்று ஆன்டனி நியூகம்ப் ஆராய்ந்தார். சொனாட்டா வடிவம் தரும் வாக்குறுதிகள் எங்கே காப்பாற்றப்படுகின்றன, எங்கே முறிகின்றன என்பதை வைத்து மாலரின் முதல் பகுதிகளையும் இறுதிப் பகுதிகளையும் சேத் மொனஹன் 2015இல் நுணுக்கமாகப் படித்தார்.

எதிர்ப்பும் வலுவானது. கதைக்குச் சொல்பவர் வேண்டும், இறந்தகாலம் வேண்டும், இசையில் இரண்டும் இல்லை, கதையைப் பின்னுவது கேட்பவரே என்றார் ழான்-ழாக் நாட்டியே. கரோலின் அபாட்டே 1991இல், இசை கதை சொல்லும் தருணங்கள் மிக அரிதானவை, ஓட்டம் முறிந்து வேறொரு குரல் நுழையும் இடங்களில் மட்டுமே அவற்றைத் தேட வேண்டும் என்று எச்சரித்தார். மாலரின் இரண்டாம் சிம்பொனி அவர் எடுத்துக்கொண்ட முதன்மைச் சான்றுகளில் ஒன்று. கதை எங்கும் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அது குறிப்பாக எங்கேயும் இல்லை என்று ஆகிவிடும் என்ற அவரது எச்சரிக்கை நியாயமானது.

ஒரு சோதனைக்களம்: ஆறாம் சிம்பொனியின் இறுதிப் பகுதி

இந்த விடைகளை ஒரே இடத்தில் வைத்துச் சோதிக்க, சுமார் அரைமணி நேரம் நீளும் இந்தப் பகுதி ஏற்றது. சிம்பொனி முழுவதும் ஓர் அடையாளம் திரும்பத் திரும்ப வருகிறது. ஏ மேஜர் கார்டு உரக்க ஒலித்து, அடங்கும்போதே மைனராகிவிடுகிறது. கீழே டிம்பனி ஒரு விறைப்பான தாளத்தை அடிக்கிறது. மேஜர் மைனராவது ஒற்றை ஸ்வரம் அரை ஸ்வரம் இறங்குவதால் நிகழும் மாற்றம்தான். அதைப் பெரும்பரப்பில் விரித்துக் காட்டுவதே இறுதிப் பகுதியின் வேலை என்று சொல்லலாம்.

இந்தப் பகுதியின் நடுவே இசை வெற்றியை நோக்கி ஏறுகிறது. பழகிய காதுக்கு அடுத்து ஒரு பெரிய மேஜர் உச்சம் வரும் என்று தெரியும். அது வந்து சேரும் அதே கணத்தில் சுத்தியல் விழுகிறது. உலோக ஒலி வேண்டாம், கோடரி வெட்டுப் போன்ற மந்தமான ஓசை வேண்டும் என்று மாலர் குறித்திருக்கிறார். இரண்டாம் ஏற்றமும் இதேபோல் முறிகிறது. அதன்பின் மீள்வருகையில் கருக்கள் தலைகீழ் வரிசையில் வருகின்றன. பகுதியின் முடிவருகே இருந்த மூன்றாம் அடியை மாலர் பின்னர் நீக்கினார். கடைசிப் பக்கத்தில் ஏ மைனர் கார்டு மட்டும் முழு வலுவோடு வெடிக்கிறது. அதற்கு முன்னால் எப்போதும் வந்த மேஜர் இந்த முறை வரவில்லை.

'விதியின் அடி' என்ற கதை இல்லாமலேயே இது கேட்பவரைத் தாக்கும். காரணம், 70 நிமிடங்களுக்கும் மேலாக மேஜர் முதலில், மைனர் பிறகு என்ற வரிசைக்கு நம்மைப் பழக்கிவிட்டு, இறுதியில் முதல் பாதியை இசை எடுத்துவிடுகிறது. வடிவ ஆய்வு இந்த இழப்பைத் துல்லியமாகக் காட்டும். அதை இழப்பு என்று உணர்வதற்கு வெற்றி என்றால் என்ன, ஊர்வலம் என்றால் என்ன என்ற சமூக நினைவு வேண்டும். அந்த நினைவு வலுப்பெற இவ்வளவு நீளமும் வேண்டும். மாலரின் விரிவுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இந்த இடத்தில் நேரடியாகக் கேட்கிறது.

நடத்துநரின் கையில் மாறும் பொருள்

ஒரு சிக்கலை மேற்கண்ட விடைகள் பெரும்பாலும் ஓரத்திலேயே வைத்தன. ஆறாம் சிம்பொனியின் நடுப்பகுதிகள் இரண்டின் வரிசை இன்றும் சர்ச்சைக்குரியது. அச்சில் முதலில் விறுவிறுப்பான ஸ்கெர்ட்ஸோவும் பிறகு மெதுவான ஆண்டான்டேயும் இருந்தன. 1906 மே 27 அன்று எசென் நகரில் அரங்கேற்றும்போது மாலர் ஆண்டான்டேயை முன்னால் கொண்டுவந்தார். அதன்பின் தாம் நடத்தியபோதெல்லாம் அப்படியே வைத்தார். 1919இல் நடத்துநர் மெங்கெல்பெர்க் கேட்டதற்கு, ஸ்கெர்ட்ஸோவே முதலில் என்று ஆல்மா தந்தி அனுப்பினார். ராட்ஸின் 1963ஆம் ஆண்டுப் பதிப்பும் அந்த வரிசையையே ஏற்றது. 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திறனாய்வுப் பதிப்பின் பொறுப்பாளர்கள் ஆண்டான்டே-ஸ்கெர்ட்ஸோ வரிசையே மாலரின் முடிவு என்று அறிவித்தனர். ஸ்கெர்ட்ஸோ முதலில் வந்தால், முதல் பகுதி எட்டிய ஏ மேஜர் வெற்றியை அதே ஊர்வல நடை உடனே கேலிசெய்து வீழ்த்துகிறது. ஆண்டான்டே முதலில் வந்தால் அந்த வெற்றிக்குச் சற்று மூச்சுவிட இடம் கிடைக்கிறது. எழுதிய ஸ்வரங்கள் மாறாமலேயே சிம்பொனியின் வாதம் மாறிவிடுகிறது.

ஐந்தாம் சிம்பொனியின் மெதுவான பகுதியான அடாஜியெட்டோ இன்னொரு சான்று. அது ஆல்மாவுக்கு மாலர் எழுதிய காதல் கடிதம் என்று மெங்கெல்பெர்க் தம் பிரதியில் குறித்தார்; 1926இல் அதைச் சுமார் ஏழு நிமிடங்களில் வாசித்துப் பதிவுசெய்தார். 1968இல் அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் கென்னடியின் இறுதிச் சடங்கில் பெர்ன்ஸ்டைன் அதை நடத்தினார். 1971இல் விஸ்கோன்டியின் 'வெனிஸில் மரணம்' படம் அதைச் சாவின் இசையாக உலகெங்கும் கொண்டுசென்றது. பிற்காலப் பதிவுகள் சில 11 நிமிடங்களையும் தாண்டுகின்றன. காதலாகக் கேட்டவர்களும் துக்கமாகக் கேட்டவர்களும் பொய்யாகக் கேட்கவில்லை. வேகம் மாறும்போது ஏக்கத்தின் நிறம் மாறுகிறது.

மதிப்பீடு

ஐந்து விடைகளும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை என்பதே அவற்றின் பூசலுக்கு ஒரு காரணம். கதைக்குறிப்பு ஒலிகள் சுட்டுவதைச் சொல்கிறது. வாழ்க்கை வரலாறு அவை வந்த வழியைச் சொல்கிறது. வடிவ ஆய்வு அவற்றின் உறவைச் சொல்கிறது. சமூக நோக்கு அவை சுமந்துவரும் நினைவைச் சொல்கிறது. கதையாடல் ஆய்வு அவற்றுக்கு நேர்வதைச் சொல்கிறது. இவற்றுள் கடைசி மூன்றும் இணையும் இடத்தில்தான் மாலரின் தனித்தன்மைக்கு மிக நெருங்கிய விளக்கம் கிடைப்பதாகத் தோன்றுகிறது. ஊரறிந்த ஒலிகளைச் சிம்பொனிக்குள் கொண்டுவந்து, அவற்றுக்கு வடிவம் வழியாக ஒரு வாக்குறுதி தந்து, அந்த வாக்குறுதி நிறைவேறவோ முறியவோ போதிய காலத்தை ஒதுக்கினார் மாலர். விரிவு இந்தக் காலத்துக்காகவே தேவைப்பட்டது. பொருள் அந்த வாக்குறுதிக்கு நேரும் கதியில் இருக்கிறது.

இந்த விளக்கமும் சில கேள்விகளை மூடிவிடவில்லை. சொனாட்டா வடிவத்தின் எதிர்பார்ப்புகள் பழகாத ஒருவர் ஆறாம் சிம்பொனியின் முடிவில் எதைக் கேட்கிறார்? படைப்பு தானே கற்றுத்தரும் எதிர்பார்ப்பு அதற்குப் போதுமா? 'பகடியோடு' என்ற குறிப்பு வாசிப்பவரின் தாளில் மட்டும் இருக்கையில், அவையில் இருப்பவருக்குப் பகடி எந்த அளவுக்குக் கேட்கும்? இரண்டாம் சிம்பொனியின் ஸ்கெர்ட்ஸோவுக்கு மூலம், மீன்களுக்குப் புனிதர் போதிக்கும் பாடல். அந்தப் பாடலை அறிந்தவரும் அறியாதவரும் கேட்பது ஒரே இசைதானா? ஆசிரியர் பலமுறை மனம் மாற்றிய படைப்பில் எந்த வடிவத்தின் பொருளை நாம் ஆராய்கிறோம்?

இவற்றில் கடைசிக் கேள்வி தவிர மற்றவற்றுக்கு, வெவ்வேறு மரபுகளில் பயின்ற கேட்பவர்களிடம் நடத்தப்படும் கவனமான ஆய்வு ஓரளவு வெளிச்சம் தரலாம். கடைசிக் கேள்வி ஆவணங்களால் மட்டும் தீராது. ஒவ்வொரு நடத்துநரும் மேடையேறும்போது ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். மாலரின் இசைக்கு ஒற்றைப் பொருள் இல்லை என்பதை, எந்தப் பொருளும் அதற்குச் சரியே என்று திரித்துவிடக் கூடாது. ஏ மேஜர் இல்லாமல் விழும் அந்த ஏ மைனரை வெற்றி என்று யாராலும் வாசிக்க முடியாது. அது எவருடைய தோல்வி என்பதை இசை சொல்லவில்லை. வடிவம் விதிக்கும் எல்லைக்கும் அது திறந்துவிடும் வெளிக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதை ஒவ்வொரு படைப்பிலும் தனித்தனியே கண்டறிவதே இந்தத் துறையில் இனி மிஞ்சியிருக்கும் பணி.